கோபுரத்தின் கீழே நின்றவர்கள்: இராமானுஜரின் வாழ்வும் இளையோர் கதைகளும்

தமிழ்நாட்டில் பள்ளிப் பருவத்தைக் கடந்தோருள் பெரும்பாலோர் ஒரு கதையை அறிவர். திருவரங்கத்திலிருந்து ஒரு துறவி திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார். ஆசிரியரிடமிருந்து ஒரு மந்திரத்தின் மறைபொருளைப் பெற்றார். பிறருக்குச் சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கையை மீறிக் கோயிலின் மேலேறி ஊரறிய அதை உரைத்தார். இன்று உலகெங்கும் இளையோருக்கென எழுதப்படும் மிகுபுனைவு நாவல்களின் உறுப்புகள் அனைத்தும் இதில் உள்ளன. இரகசியச் சொல் இருக்கிறது, அதைக் காக்கும் கடுமையான ஆசான் இருக்கிறார், நீண்ட வழிநடை இருக்கிறது, சாபம் இருக்கிறது, அச்சாபத்தைத் தன் தலைமேல் ஏற்கும் இளைஞன் இருக்கிறான். படக்கதையாகவும் நாடகமாகவும் திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் இக்கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதில் வியப்பில்லை. ஆனால் மேலேறியவருக்கு மட்டுமே இக்கதையில் பெயர் உண்டு. கீழே நின்று கேட்டவர்கள் கூட்டமாகவே நிற்கின்றனர். அக்கூட்டத்தில் சேரி மக்கள் இருந்தனரா என்ற கேள்வியோடு இராமானுஜரின் வாழ்வை மீண்டும் வாசிக்க வேண்டியிருக்கிறது.

மரபுக் கணக்கின்படி அவர் 1017ஆம் ஆண்டு திருப்பெரும்புதூரில் கேசவ சோமயாஜிக்கும் காந்திமதிக்கும் மகனாகப் பிறந்தார். வேள்வி செய்யும் பிராமணக் குடும்பம். காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழியில் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். ஆசிரியரின் விளக்கங்களை மாணவர் மறுத்துரைத்தார்; பகை மூண்டது. காசி யாத்திரை என்ற பெயரில் அழைத்துச் சென்று வழியில் அவரைக் கொன்றுவிட ஆசிரியர் திட்டமிட்டார் என்றும், உடன் பயின்ற உறவினர் கோவிந்தர் அதை அறிவித்து அவரைத் தப்பச் செய்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். விந்தியக் காட்டில் திசை தெரியாமல் அலைந்த இளைஞரை ஒரு வேடனும் அவன் மனைவியும் வழிகாட்டி அழைத்து வந்தனர். விடிந்தபோது காஞ்சியின் எல்லை தெரிந்தது. வேடர் இருவரையும் காணவில்லை. வந்தவர்கள் வரதராசப் பெருமாளும் பெருந்தேவித் தாயாருமே என்று கதை முடிகிறது.

ஒடுக்கப்பட்ட ஒருவர் கதாநாயகனின் உயிரைக் காப்பாற்றும் இடங்களில் மரபுக்கதை பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. காட்டை அறிந்த வேடன், இரவில் வழி தெரிந்த வேடுவப் பெண் என்ற அளவில் அதற்கு மனம் அமைவதில்லை. நன்றிக்கடன் வேடருக்குப் போய்ச் சேராதபடி அவர்களைத் தெய்வமாக்கி மறைத்துவிடுகிறது. மாறுவேடத் தெய்வம் என்பது உலகக் கதைகள் அனைத்திலும் உள்ள உத்திதான். அது யாருடைய உருவத்தை இரவல் வாங்குகிறது, வாங்கியபின் அவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

காஞ்சியில் இராமானுஜர் வாழ்வின் முதல் பெரிய உறவு திருக்கச்சி நம்பியோடு ஏற்பட்டது. பூவிருந்தவல்லியில் பிராமணரல்லாத குடும்பத்தில் பிறந்த நம்பி, வரதராசருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர். பெருமாளோடு நேரில் உரையாடுபவர் என்று போற்றப்பட்டவர். அவர் உண்ட மிச்சத்தை உண்ண விரும்பி இராமானுஜர் அவரை இல்லத்திற்கு அழைத்தார். நம்பி வேறு வழியாக முன்னதாகவே வந்து உண்டு சென்றுவிட்டார். மனைவி தஞ்சமாம்பாள் இலையை எறிந்து, மீந்ததைப் பிறருக்குக் கொடுத்து, வீட்டைக் கழுவி, நீராடிக் கணவருக்குப் புதிதாகச் சமைத்துக்கொண்டிருந்தார். பின்னொருநாள் கிணற்றடியில், ஆசிரியர் பெரிய நம்பியின் மனைவி குடத்திலிருந்து சிந்திய நீர் தம் குடத்தில் தெறித்ததற்காக அதே அம்மையார் சண்டையிட்டார். இராமானுஜர் இல்லறத்தைத் துறந்தார். தலித் வாசகருக்கு இலையும் குடமும் கழுவிய தரையும் அன்றாட வரலாறு. ஆயினும் தீண்டாமையின் முழுச் சுமையையும் ஒரு பெண்ணின் மேல் ஏற்றிவைத்துவிட்டு ஆணைத் துறவியாக்கி விடுவிப்பதை ஏற்றுக்கொள்வதற்கில்லை. அந்த வீட்டின் ஆசாரத்தை அவர் தாமே உண்டாக்கவில்லை. மணமாகி வந்த பெண்ணுக்கு அதைக் கற்பித்தது யார் என்று எந்தக் கதையும் கேட்பதில்லை.

திருவரங்கத்தில் ஆளவந்தார் மறைந்தபோது அவருடைய மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. இராமானுஜர் மூன்று உறுதிமொழிகளைக் கூற ஒவ்வொன்றாக நிமிர்ந்தன என்பது மற்றொரு புகழ்பெற்ற விந்தை. மதுராந்தகத்தில் பெரிய நம்பியிடம் தீக்கை பெற்று, துறவு பூண்டு, திருவரங்கம் கோயிலின் பொறுப்பை அவர் ஏற்றார். அங்கிருந்துதான் திருக்கோஷ்டியூர்ப் பயணங்கள் தொடங்கின.

திருக்கோஷ்டியூர் இன்று சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை செல்லும் சாலையில் உள்ளது. நின்றும் இருந்தும் கிடந்தும் பெருமாள் காட்சி தரும் அடுக்குகளைக் கொண்ட அட்டாங்க விமானம் செட்டிநாட்டின் வறண்ட சமவெளியில் தொலைவிலேயே தெரியும். இரணியனை அழிப்பது குறித்துத் தேவரும் முனிவரும் கூடி ஆலோசித்த இடம் என்பதால் கோஷ்டியூர் எனப் பெயர் வந்தது என்பது தலபுராணம். கோஷ்டி என்றால் கூட்டம். அங்கே வாழ்ந்த திருக்கோஷ்டியூர் நம்பி, ஆளவந்தாரின் மாணவர்; மந்திரப்பொருளைக் காத்தவர். திருவரங்கத்திலிருந்து அவ்வூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பதினெட்டு முறை போய்த் திரும்புவதென்றால் 3,600 கிலோமீட்டர். கதையின் மிகையைக் கழித்தாலும் அந்த நடை பெரிது.

ஏன் பதினேழு முறை திருப்பியனுப்பினார் என்பதற்கு மக்கள் வழக்கில் ஒரு விளக்கம் உண்டு. வாசலில் நிற்பது யார் என்று நம்பி கேட்டபோதெல்லாம் இராமானுஜர் தன்மைச் சொல்லால் விடையளித்தார். அடியேன் என்று சொல்லக் கற்றபின்பே கதவு திறந்தது. தன்முனைப்பை விடுவதற்கான பாடமாக இது சொல்லப்படுகிறது. பிராமணத் துறவி ஒருவர் விரும்பி ஏற்ற அந்தச் சொல்லைக் கேரளத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேல்சாதியார் முன் தம்மைக் குறிக்கக் கட்டாயமாகப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அவர்களுடைய பணிவுக்கு எந்தக் கதவும் திறந்ததில்லை. ஒரே சொல் ஒருவருக்கு ஆன்மிக முதிர்ச்சியாகவும் மற்றொருவருக்கு விலங்காகவும் அமைகிறது என்பதை இக்கதையை வகுப்பறையில் சொல்லும் ஆசிரியர்கள் மாணவருக்கு எடுத்துக்காட்டலாம்.

பதினெட்டாம் முறை, தண்டும் பவித்திரமுமாக மட்டும் வரவேண்டும் என்று நம்பி நிபந்தனை விதித்தார். இராமானுஜர் கூரத்தாழ்வானையும் முதலியாண்டானையும் அழைத்துச் சென்று, இவர்களே என் தண்டும் பவித்திரமும் என்ற பொருள்பட விடையளித்தார். மீறல் கோபுரத்தில் தொடங்கவில்லை; நம்பியின் வாசலிலேயே தொடங்கிவிட்டது. பின்னர் மந்திரப்பொருளை அவர் பலரறிய வெளியிட்டார். சினந்த ஆசிரியரிடம், பலர் கரையேற நான் ஒருவன் நரகம் புகுவது தகும் என்ற கருத்தைக் கூறினார். ஆசிரியர் மனம் நெகிழ்ந்து அவரை எம்பெருமானார் என்று அழைத்தார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். பழைய மரபு நூல்கள் அங்குக் கூடியிருந்தோரை வைணவ அடியார்கள் என்றே குறிக்கின்றன. சாதி வேறுபாடின்றி ஊர் முழுதும் திரண்டு நின்ற காட்சி பிற்காலத்தில் வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் மேடையும் திரையும் அதைப் பெரிதாக்கின. அடியார் கூட்டத்திற்குள் பல சாதியினர் இருந்திருக்கலாம். அது வேறு செய்தி. கோயிலுக்குள் நுழையவே இயலாதவர்கள் அந்த ஒலியைக் கேட்டார்களா என்பதற்குக் கதையில் விடை இல்லை.

அவ்வொலி ஊரின் எல்லையைத் தாண்டவில்லை என்பதற்கு அதே மண்ணின் பிற்கால வரலாறு சான்று. திருக்கோஷ்டியூர் அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். தங்க, வெள்ளி நகை அணியக்கூடாது, முழங்காலுக்குக் கீழே உடுத்தக்கூடாது, சட்டை போடக்கூடாது, குடையும் செருப்பும் பயன்படுத்தக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது. 1931இல் தடைகள் பதினொன்றாயின. அவற்றுள் ஒன்று, அவர்களுடைய குழந்தைகள் எழுத்தறிவு பெறக்கூடாது என்பது. இத்தடைகளை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். இளையோர் இலக்கியம் பற்றிப் பேசும் எவரும் மறக்கக்கூடாத ஆவணம் அது. இதே சிவகங்கை மாவட்டத்தின் கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமைக்காகத் தலித் மக்கள் 1990களின் இறுதியிலிருந்து நீதிமன்றப் படியேறினர். ஆண்டுக்கணக்கில் தேர் ஓடாமலே நின்று, 2024 ஜூனில்தான் மீண்டும் ஓடியது.

இராமானுஜரின் வாழ்வைச் சுற்றி நம் இளையோருக்கு உண்மையில் சொல்லத்தக்க கதை திருக்கோஷ்டியூர்க் கதையைவிட மாறனேரி நம்பியின் கதை என்பது என் கருத்து. பஞ்சமர் எனப்பட்ட குலத்தில் பிறந்த அவர் ஆளவந்தாரின் மாணவர். வயலில் உழைத்தவர். பசி பொறுக்காமல் வயற்சேற்றை எடுத்து உண்டார் என்றும், மண்ணாலான உடலுக்கு மண்ணை இடுவதாக அவர் விளக்கியது ஆளவந்தாரை அவர்பால் ஈர்த்தது என்றும் மரபு கூறும். மெய்யியல் விடையாக அதைப் போற்றியவர்கள் உண்டு. ஓர் உழவுத் தொழிலாளி சேற்றைத் தின்னும் நிலைக்கு ஏன் வந்தார் என்பதே நாம் கேட்க வேண்டியது. ஆளவந்தாரைத் தாக்கிய பிளவை நோயைத் தமக்குத் தருமாறு கேட்டுப் பெற்றுத் துன்புற்றார் அவர். மரணப்படுக்கையில், தம் உடலை உறவினரிடம் ஒப்படைக்க வேண்டாம் என்று உடன் பயின்ற பெரிய நம்பியிடம் வேண்டிக்கொண்டார். பெரிய நம்பி பிராமணர். மாறனேரி நம்பிக்குத் தாமே ஈமக்கடன் செய்தார். திருவரங்கத்துப் பிராமணர்கள் அவரை விலக்கிவைத்தனர். இராமானுஜரே சென்று இப்படிச் செய்யலாமா என்று வினவ, சடாயுவுக்கு இராமன் செய்ததையும் விதுரனுக்குத் தருமன் செய்ததையும் சுட்டி, அவர்களைவிட நான் உயர்ந்தவனோ இவர் தாழ்ந்தவரோ என்னும் பொருள்பட அவர் விடையிறுத்தார். இராமானுஜர் உள்ளூர உடன்பட்டவர், உலகறியச் செய்யவே வினவினார் என்பது உரையாசிரியர்கள் தரும் சமாதானம். அது எவ்வாறாயினும், இந்நிகழ்வில் துணிந்து செய்தவர் பெரிய நம்பி. அதற்கான விலையைக் கொடுத்தவரும் அவரே.

உறையூர் மல்லரான பிள்ளை உறங்காவில்லிதாசரின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கி அவருக்குக் குடைபிடித்து நடந்த வீரரை இராமானுஜர் அரங்கனின் கண்களைக் காணச் செய்து ஆட்கொண்டார். நீராடச் செல்கையில் பிராமண மாணவரின் கையைப் பிடித்துச் சென்ற இராமானுஜர், நீராடித் திரும்புகையில் வில்லிதாசரின் தோளைப் பற்றி வந்தார். தூய்மை பற்றிய கணக்கைத் தலைகீழாக்கிய செயல் அது. மடத்தின் பிராமண மாணவர்கள் முணுமுணுத்தபோது அவர்களுடைய துணிகளைக் கிழிக்கச் செய்தும், உறங்கும் பொன்னாச்சியின் நகைகளைக் களவாடச் செய்தும் இருசாராரின் குணத்தையும் வெளிப்படுத்தினார். நல்ல நகைச்சுவையுள்ள கதை. இராமானுஜர் கதைகளில் கணவனும் மனைவியும் பெயரோடும் குணத்தோடும் வருகின்ற பிராமணரல்லாத குடும்பம் இது ஒன்றே என்று சொல்லத் தோன்றுகிறது.

சோழ மன்னனின் சைவச் சார்பால் துன்பம் நேர்ந்தது. கூரத்தாழ்வான் கண்களை இழந்தார். பெரிய நம்பி உயிரிழந்தார். வெள்ளுடை பூண்டு மேற்கு நோக்கித் தப்பிய இராமானுஜருக்கும் உடன் சென்றவர்களுக்கும் காட்டில் வேடர்கள் தேனும் தினைமாவும் தந்து காத்தனர். இம்முறை வேடர்கள் வேடர்களாகவே இருந்தனர். ஆனால் பெயர் இல்லை. ஒய்சள நாட்டில் விட்டுணுவர்த்தன மன்னனின் ஆதரவோடு மேல்கோட்டை என்னும் திருநாராயணபுரத்தில் கோயிலை நிறுவினார். அங்கிருந்து விந்தை மீண்டும் தொடங்குகிறது. கோயிலின் உற்சவத் திருமேனி தில்லிப் பாதுஷாவின் அரண்மனையில் இருந்ததாகவும், இராமானுஜர் சென்று அழைக்க அது தானே நடந்து வந்து அவர் மடியில் அமர்ந்ததாகவும், அச்சிலையைப் பிரியமாட்டாமல் பாதுஷாவின் மகள் பின்தொடர்ந்து வந்து துலுக்க நாச்சியார் ஆனதாகவும் கூறுவர். தில்லியில் சுல்தானியம் தோன்றியது 1206இல். இராமானுஜர் மறைந்ததாக மரபு கூறும் ஆண்டு 1137. காலத்தைத் தாண்டிப் பயணம் செய்யும் கதையை நம் முன்னோர் எவ்வளவு இயல்பாகச் சொல்லியிருக்கின்றனர்! இசுலாமியப் பெண்ணைக் கருவறைக்கு அருகே கொண்டுவந்து வைக்கும் அளவுக்கு அக்கற்பனைக்கு அகலம் இருந்தது.

அந்தப் பயணத்தில் சிலையைக் காப்பாற்றிக் கொண்டுவர உதவியவர்கள் அப்பகுதியின் தீண்டப்படாத மக்கள். அவர்களுக்குத் திருக்குலத்தார் என்ற பட்டம் கொடுக்கப்பட்டது. ஆண்டில் மூன்று நாள் கோயிலுக்குள் செல்லும் உரிமையும் வழங்கப்பட்டது. பிற கோயில்கள் முற்றாக மூடிக் கிடந்த காலத்தில் அந்த மூன்று நாள் சிறிதன்று என்று வைணவ அறிஞர் கூறுவர். மீதமுள்ள முந்நூற்றுச் சொச்சம் நாள்களைப் பற்றியும் அவர்கள் பேச வேண்டும். சிலையைக் காத்தவர்கள் கதவுக்கு வெளியே நிற்க, சிலை உள்ளே இருந்தது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு வர 1939 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கதைகளிலிருந்து விலகி இராமானுஜர் எழுதியவற்றைப் பார்த்தால் இடைவெளி மேலும் தெளிவாகும். ஸ்ரீபாஷ்யம், கீதா பாஷ்யம், வேதார்த்த சங்கிரகம், கத்யத்ரயம் முதலிய ஒன்பது நூல்களும் சமசுகிருதத்தில் அமைந்தவை. ஆழ்வார் பாசுரங்களைக் கோயிலில் நிலைபெறச் செய்தவராகப் போற்றப்படும் அவர் தமிழில் நூல் எழுதியதாக மரபு கூறவில்லை. ஸ்ரீபாஷ்யத்தில் சூத்திரருக்கு வேதவழிப் பிரம்ம ஞானத்தில் தகுதியில்லை என்ற பழைய நிலைப்பாட்டை அவர் ஏற்றே உரை எழுதினார். கோபுரத்தின் மேலேறியவரும் இந்த உரையை எழுதியவரும் ஒருவரே. பக்திக்கும் சரணாகதிக்கும் அவர் திறந்த வாயில் பிற்காலத் தென்கலை மரபில் விரிந்தது. பிள்ளை உலகாசிரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் அடியாரின் பிறப்பை ஆராய்வதைக் கடுமையாகக் கண்டித்தார். வேத அதிகாரம் பற்றிய பூட்டு அப்படியே கிடந்தது. 1137இல், மரபுக் கணக்கில் 120 வயதில், இராமானுஜர் திருவரங்கத்தில் மறைந்தார்.

அதன்பின் அவர் வாழ்வு கதை சொல்வோரின் உடைமையாயிற்று. 1938இல் வெளிவந்த ஸ்ரீ ராமானுஜர் திரைப்படத்திற்குப் பாரதிதாசன் பாடல் எழுதினார். அமர் சித்திரக் கதை அவரை ஆங்கிலம் படிக்கும் நகர்ப்புறச் சிறுவருக்குக் கொண்டுசென்றது. இந்திரா பார்த்தசாரதி எழுதிய இராமானுஜர் நாடகத்திற்கு 1999ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மான் கிடைத்தது. நாத்திகரான கலைஞர் மு. கருணாநிதி, தொண்ணூறு வயதைக் கடந்தபின், 2015இல் அவரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடருக்கு எழுதினார். 2022 பிப்ரவரி 5 அன்று ஐதராபாத் அருகே 216 அடி உயரச் சிலையைச் சமத்துவத்தின் பெயரால் பிரதமர் திறந்துவைத்தார். திராவிட இயக்கத்தவரும் இந்துத்துவ அரசியலாரும் ஒருவரையே தத்தம் சான்றாகக் கொள்ள முடிவது எப்படி? இரு சாராரும் சொல்லும் கதையில் கொடுப்பவர் மேலே நிற்கிறார், பெறுபவர் கீழே நிற்கிறார். அந்த அமைப்பு எவருக்கும் இடையூறு செய்வதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1927இல் பகிஷ்கிருத் பாரத் இதழில் இராமானுஜரின் சமத்துவ முயற்சியைத் திருக்கச்சி நம்பியின் நிகழ்வோடு இணைத்துப் பாராட்டினார். அதை இன்று பலரும் எடுத்துக்காட்டுகின்றனர். ஆனால் 1948இல் தீண்டப்படாதோர் பற்றிய தம் நூலை அவர் காணிக்கையாக்கியது நந்தனார், இரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவருக்கு. மூவரும் கீழே நின்றவர்கள்.

கீழே நின்றவர்கள் தாமே சொல்லும் மிகுபுனைவு எப்படியிருக்கும் என்பதற்கு உலகில் முன்மாதிரிகள் உள்ளன. கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1979இல் எழுதிய கிண்ட்ரெட் நாவலில், தம் காலத்துக் கலிபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண் ஒருத்தி அடிமைகளை வைத்திருந்த பண்ணைக்குக் காலம் தாண்டி இழுக்கப்படுகிறாள். துலுக்க நாச்சியார் கதையில் காலம் தற்செயலாகக் குழம்புகிறது. பட்லரிடம் அது ஒரு வரலாற்றுக் குற்றத்தை நேரில் காணச் செய்யும் கருவியாகிறது. பட்லரைப் பற்றிய கட்டுரைகளையும் கடிதங்களையும் இணைந்து தொகுத்த தலித் எழுத்தாளர் மிமி மண்டல், அத்தொகுப்புக்காக 2018இல் ஹ்யூகோ விருதுப் பட்டியலில் இடம்பெற்றார். குடிநீர் மறுக்கப்பட்ட சிறுவன் பீம்ராவின் வாழ்வைக் கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் 2011இல் பீமாயணமாக வரைந்தனர். நகரத்துப் படக்கதையின் கட்டங்களை அவர்கள் ஏற்கவில்லை. தம் குலத்தின் கோடுகளையே பயன்படுத்தினர்.

தமிழில் 2024 ஆகத்து 15 அன்று வெளியான பா. இரஞ்சித்தின் தங்கலான் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கோலார் தங்கத்தைத் தேடிச் செல்லும் வடார்க்காட்டுத் தலித் மக்களின் வரலாறும், மண்ணைக் காக்கும் ஆரத்தி என்னும் விந்தைப் பெண்ணின் கதையும் அதில் பின்னிக் கிடக்கின்றன. அங்கே நாமம் தரித்து வைகுண்டத்தை நம்பும் தலித் வைணவர் ஒருவர் வருகிறார். பசுபதி நடித்த பாத்திரம். மந்திரம் அவர்வரை வந்துசேர்ந்துவிட்டது, நிலம் வந்துசேரவில்லை. படத்தில் குறைகள் உண்டு. கதையின் பிற்பகுதி தன் பாரத்தாலேயே தள்ளாடுகிறது. இருந்தாலும் கேட்டவர்களில் ஒருவருக்கு முகம் கிடைத்திருக்கிறது. இராமானுஜரைப் பற்றிய எந்தத் தொடரும் இவரைப் போன்ற ஒருவரின் பார்வையிலிருந்து எடுக்கப்படவில்லை.

மாறனேரி நம்பியின் இளமை எழுதப்படக் காத்திருக்கிறது. விந்தியக் காட்டில் வழிகாட்டிய வேடுவப் பெண், விடிந்தபின் தெய்வமாகாமல் தன் குடிசைக்குத் திரும்பிச் சென்ற கதையும் எழுதப்படவில்லை. 1931இல் படிக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட இராமநாதபுரத்துச் சிறுமி, திருக்கோஷ்டியூர் விமானத்தைத் தொலைவிலிருந்து தினமும் பார்த்தவளாயிருக்கலாம். அவளிடமிருந்தும் ஒரு நாவல் தொடங்கலாம். இதற்குத் தேவையான தரவுகள் குருபரம்பரை நூல்களிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் நூலகங்களில் கிடைக்கின்றன.